வீல் நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கியது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், டயர் விற்பனை நிலையம், திருச்சி.

ஐயா,

கடந்த மாதம் உங்கள் நிலையத்தில் என் காருக்கு நான்கு புதிய டயர்கள் போட்டேன். டயர்களில் குறை இல்லை. அவற்றைப் பூட்டிய விதம்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது.

சென்ற ஞாயிறு இரவு, சென்னைக்குப் போகும் வழியில், உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டியதும் இடது பின்சக்கரம் பஞ்சரானது. இருபது ஆண்டுகளாக நானேதான் டயர் மாற்றிவருகிறேன். ஜாக்கி ஏற்றுவதற்கு முன், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்க முயன்றேன். நான்கில் ஒன்றுகூட அசையவில்லை. ஸ்பேனர் மீது ஏறி நின்றேன்; அப்போதும் அசையவில்லை.

கணக்கைப் பாருங்கள். என் காரின் கையேடு சொல்லும் இறுக்கம் 100 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு). ஸ்பேனரின் நீளம் கால் மீட்டர், என் எடை 72 கிலோ. படுக்கைவாட்டில் இருக்கும் அதன் நுனியில் நான் நின்றால் 175 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கு விசை விழும். அதற்கும் மசியாத நட்டை எவ்வளவு முறுக்கியிருப்பார்கள்? ஒரு மாதத்தில் துருப்பிடித்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. உங்கள் ஊழியர் காற்றழுத்தத்தால் நட்டை முறுக்கும் ஏர் கன்னை வைத்து அழுத்திவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போனதை அருகில் நின்று பார்த்தேன். இறுக்கத்தை அளந்து முறுக்க உதவும் டார்க் ரெஞ்சை யாரும் கையில் எடுக்கவே இல்லை.

லாரிகள் சீறிப் போகும் சாலையோரத்தில் என் வயதான தாயார் ஒன்றரை மணி நேரம் இருட்டில் நின்றார். அதை என்னால் மறக்க முடியவில்லை. கடைசியில் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் வந்து, ஸ்பேனரில் நீண்ட இரும்புக் குழாயைச் செருகி மூன்று நட்டுகளைக் கழற்றினார். நான்காவதில் போல்ட்டே முறிந்தது. மூன்று நட்டுகளுடன் விழுப்புரம் வரை ஊர்ந்து போனோம்.

நட்டு தளர்ந்தால் மட்டும்தான் ஆபத்து என்று உங்கள் ஊழியர்கள் நினைக்கிறார்கள் போலும். அளவுக்கு மேல் முறுக்கினால் போல்ட் இழுபட்டு வலுவிழக்கும், மரை தேயும். முன்சக்கரத்தில் ஒரு நட்டு அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் இருந்தால் பிரேக் டிஸ்க் கோணிக்கொள்ளும்.

முறிந்த போல்ட்டை உங்கள் செலவில் மாற்றித் தர வேண்டும். மற்ற மூன்று சக்கரங்களையும் என் முன்னிலையில் இளக்கி, நட்டுகளைக் கையால் மரை பிடிக்க வைத்து, எதிரெதிரே உள்ளவற்றை மாறி மாறி முறுக்கி, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் கொடுக்க வேண்டும். இனி வரும் ஒவ்வொரு வண்டிக்கும் அப்படியே செய்யப்படும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். வரும் சனிக்கிழமை காலை வண்டியுடன் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்