வீடு இருக்க மணலில் எதற்குப் படுத்தோம்

சிவமயம்

ஹூஸ்டன்,
ஆனி மாதம்.

அன்புள்ள அப்பத்தாவுக்கு உங்கள் பேத்தி எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம். உங்கள் முழங்கால் வலி, அப்பச்சியின் இருமல் இரண்டும் எப்படி இருக்கின்றன என்று ஆத்தாவைப் பதில் எழுதச் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "இம்புட்டுப் பெரிய வீட்டை வச்சுக்கிட்டு எதுக்குத்தா பிள்ளைகளைக் கடல் மணல்ல கொண்டுபோய்ப் படுக்க வச்சே?" என்று கேட்டீர்கள். அது போனில் சொல்லித் தீருகிற விஷயமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஆத்தா வளவில் உட்கார்ந்து நிதானமாக வாசித்துக் காட்டட்டும்.

நாங்கள் போன இடத்தின் பெயர் பாட்ரே தீவு. இங்கிருந்து காரில் நாலு மணி நேரம் போனால் கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற ஊர். அதைத் தாண்டி இன்னும் முக்கால் மணி நேரம். 1962-இல் அரசாங்கம் அதைத் தேசியக் கடற்கரையாக அறிவித்து, பெரிதாகக் கட்டடம் எழும்பாமல் காத்துவருகிறது. ஓர் இடத்தில் தார் ரோடு முடிகிறது. அப்புறம் கடற்கரையேதான் ரோடு. அறுபது மைல், நம்ம காரைக்குடியிலிருந்து மதுரை போகிற தூரம் இருக்கும், வெறும் மணலும் அலையும்தான். கடையில்லை, கரண்ட் இல்லை, குழாய் இல்லை. நுழையும் இடத்தில் ஒரு சீட்டு எழுதி வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு, பிடித்த இடத்தில் கூடாரம் அடித்துக்கொள்ளலாம். பதினாலு நாள் வரை தங்கலாம். டெக்சாஸில் கடற்கரை எல்லோருக்கும் பொது என்று 1959-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஏழையும் பணக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் படுத்துக் கிடப்பதை அங்கேதான் பார்த்தேன்.

போன உடனேயே எங்கள் கார் மணலில் புதைந்துவிட்டது. அலை நனைத்து இறுகிய மணலிலேயே ஓட்டியிருக்க வேண்டும், நாங்கள் மேலே பொலபொல மணலில் ஏற்றிவிட்டோம். எழுபது வயது தாண்டிய ஒரு வெள்ளைக்காரத் தாத்தா தன் வண்டியில் கயிறு கட்டி இழுத்துவிட்டார். டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டால் மணலில் மிதந்து போகும் என்று சொல்லியும் கொடுத்தார். அவர் வீட்டு ஆச்சியும் கூட இருந்தார்கள். அவர்களுடையது ஆர்.வி. வண்டி. நம்ம கூண்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள், அதற்குள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் இருந்தால் எப்படியோ அப்படி. வண்டியின் அடியில் மூன்று தொட்டி: நல்ல தண்ணீருக்கு ஒன்று, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவுக்கு ஒன்று. நல்ல தண்ணீர்த் தொட்டி 40 கேலன், ஏறக்குறைய 150 லிட்டர். அது தீர்ந்தால் புறப்பட வேண்டியதுதான். அழுக்குத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட மணலில் விடக்கூடாது, திரும்பும்போது அதற்கென்று இருக்கிற இடத்தில்தான் திறந்துவிட வேண்டும்.

எங்களிடம் கூடாரம் மட்டும்தான். தண்ணீர், ஐந்து கேலன் கேன் மூன்று. நாலு பேர், இரண்டு நாள். முதல் நாள் மதியத்துக்குள் பிள்ளைகள் கால் கழுவியே ஒரு கேனைத் தீர்த்துவிட்டார்கள். மனசு பதறிவிட்டது, அப்பத்தா. அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. ஊருணியில் இறங்கி, காலைத் தண்ணீரில் படவிடாமல் குடத்தைச் சாய்த்து மொள்ளுவீர்கள். மழை வந்தால் வளவில் அண்டா அண்டாவாகப் பிடித்து வைப்பீர்கள். பாத்திரத்தைச் சாம்பலில் தேய்த்து, ஒரு செம்புத் தண்ணீரில் எல்லாவற்றையும் அலசி, அதிலும் கொஞ்சம் மிச்சம் வைத்துச் செடிக்கு ஊற்றுவீர்கள். நான் அந்தக் கடல் மணலையே அள்ளி எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்தேன். பிசுக்கு முழுதும் மணலோடு போய்விட்டது. துணியால் துடைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் அலசினேன், அவ்வளவுதான். பெரியவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் தானே ஒரு டம்ளரை எடுத்து, பாதியில் பல் தேய்த்து, மீதியில் முகம் கழுவி, "அம்மா, மிச்சம் இருக்கு" என்று கொண்டுவந்து காட்டினாள். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்கிற பிள்ளை! நான் ஆயிரம் தடவை சொல்லியும் நடக்காதது அது.

ராத்திரி காற்று பிடித்தது. தென்கிழக்கிலிருந்து விடாமல் அடிக்கிற காற்று. கூடாரத்தோடு கொடுத்த முளைக்குச்சி ஒரு சாண்தான், மணலில் எங்கே நிற்கும்? ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு, கூடாரம் எங்கள் மேலேயே சரிந்தது. சின்னவன் அழ ஆரம்பித்துவிட்டான். அந்தத் தாத்தாதான் டார்ச் லைட்டோடு வந்தார். சாமான் கொண்டுபோன பாஸ்மதி அரிசிப் பைகள் நாலு இருந்தன. அவற்றில் மணலை நிரப்பச் சொன்னார். வாயை இறுக்கி, கூடாரத்துக் கயிற்றை அதில் கட்டி, ஒரு முழம் தோண்டிப் புதைத்து, மேலே மிதித்துவிட்டார். கயிற்றைப் பிடித்து நான் முழுப் பலத்தோடு இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. விடிகிற வரைக்கும் கூடாரம் துடித்துக்கொண்டே இருந்தது, ஆனால் நின்றது.

அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியே வந்து உட்கார்ந்தேன். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டுபோனதால்தான் நம்மவர்கள் வறண்ட சீமைக்கு வந்தார்கள், அதனால்தான் வீட்டை இத்தனை உயரம் தூக்கிக் கட்டினார்கள் என்று சொல்வீர்களே, அந்தப் பயம் கொஞ்சம் இருந்தது. ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் பண்ணப் போனபோது ரஜூலா கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்ததையும், அப்பச்சி குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்து தோப்பில் துண்டை விரித்துப் படுத்ததையும் நினைத்தேன். நம்ம வீட்டில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியில் படுத்தவர்கள்தான் அதிகம், அப்பத்தா. என் பிள்ளைகளுக்கு அது தெரியாமலே போய்விடும் போலிருந்தது. அதற்காகத்தான் கூட்டிப்போனேன்.

ஆமையைப் பற்றிச் சொல்லாவிட்டால் சின்னவன் கோபித்துக்கொள்வான். நம்ம கடலோரத்தில் பங்குனி ஆமை என்கிறார்களே, அதற்குப் பங்காளி முறையான ஓர் இனம் இங்கே இருக்கிறது, கெம்ப்ஸ் ரிட்லி. பட்டப்பகலில் கரையேறி முட்டையிடும். மெக்சிகோவில்தான் அதற்குப் பெரிய தாய்வீடு. 1947-இல் ஒரே நாளில் நாற்பதாயிரம் ஆமைகள் ஏறியதாகக் கணக்குச் சொல்கிற கரையில், 1985-இல் வருடம் முழுவதற்கும் 702 கூடுகள்தான் மிஞ்சின. இப்படிக் குறைந்துகொண்டே வந்த கவலையில்தான் 1978 முதல் 1988 வரை அங்கிருந்து முட்டைகளைக் கொண்டுவந்தார்கள். எதில் வைத்துத் தெரியுமா? பாட்ரே தீவின் மணலை நிரப்பிய பெட்டிகளில். பொரித்த குஞ்சுகளை இந்தக் கரையில் நடக்கவிட்டு, கடல்நீரைத் தொட்டதும் திரும்பப் பிடித்து, கொஞ்சம் வளர்த்து அப்புறம் விட்டார்கள். மணலின் வாசம் உடம்பில் ஏறினால் இங்கேயே திரும்பி வரும் என்று நம்பித்தான் அத்தனை பாடு. 1996-இல் அப்படி வளர்ந்தவை முட்டையிட இதே கரைக்கு வந்தன.

நாங்கள் இருந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் குஞ்சுகளை விட்டார்கள். உள்ளங்கையில் பாதிகூட இல்லை, கன்னங்கரேலென்று இருந்தன. சின்னவன் முட்டிபோட்டுப் பார்த்தான். ஒரு குஞ்சு, கார் டயர் தடத்தைவிடச் சின்னதான ஒரு குழியில் விழுந்து ஏற முடியாமல் கிடந்தது. இவன் கை நீட்டப் போனான். "தொடக்கூடாது, தானே நடக்கணும்" என்று காவலர் மெதுவாகச் சொன்னார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நின்றான். அது ஏறி, ஒரு அலை வந்து தூக்கிக்கொண்டு போனதும்தான் மூச்சு விட்டான்.

சரி, விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. கட்டுச்சோற்றுக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சல் முதல் நாளே தீர்ந்துபோனது. அந்த ஆச்சிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன், காரம் காரம் என்று சொல்லிக்கொண்டே வழித்துச் சாப்பிட்டார்கள். ஐப்பசியில் மறுபடி போகிறோம். ஊரிலிருந்து யாராவது வந்தால் இரண்டு பாட்டிலாகக் கொடுத்துவிடுங்கள். மூடி மேல் துணி வைத்துக் கட்டச் சொல்லுங்கள், போன தடவை பெட்டியில் எண்ணெய் கசிந்துவிட்டது.

உங்கள் பேத்தி