மாயப் பிராணிகளுக்கும் ஒரு திணைக்களம்

ஆசிரியருக்கு,

மாயப் பிராணிகளை மேற்பார்வை செய்ய ஓர் அரச திணைக்களம் என்று கதை எழுதச் சொன்னால், எங்கள் பிள்ளைகள் டிராகனையும் ஒற்றைக்கொம்புக் குதிரையையும்தான் கொண்டுவருகிறார்கள். ஏன்? யானைத் துதிக்கையோடு யாளி, பெண்முகமும் இறக்கையுமாகக் காமதேனு என்று கோயில்களில் தினமும் பார்க்கிறோமே! பனைமரத்தில் குடியிருக்கும் ஆவியான பனங்காணி முனியைப் பற்றிச் சொல்லாத அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறாரா? என் மகளின் கதையில் திணைக்களம் பழைய கச்சேரியில், அதாவது முன்னாள் அரச செயலகக் கட்டடத்தில், இயங்குகிறது. பனையைத் தறித்துவிட்டார்கள் என்று முறையிட வந்த முனியிடம் கிளாக்கர் கிராம சேவகரின் வதிவிடக் கடிதம் கேட்க, அந்த மரம்தான் என் விலாசம் என்கிறது முனி. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. சட்டம் போடுமுன் அந்தப் பிராணியிடமும் கேட்க வேண்டும் அல்லவா? சரி, சிறுவர் பக்கத்தில் இப்படியான கதைகளுக்குக் கிழமைக்கு அரைப்பக்கமாவது தாருங்கள்.

வாசகர்,
நல்லூர்