டைனமோ ஹப் சக்கரம்: தப்பான ரிம்மை அனுப்பிவிட்டு என் மேல் பழி

வணக்கமுங்க.

போன மாதம் என் ரோடு பைக்குக்கு டைனமோ ஹப் (சக்கரம் சுற்றச் சுற்ற லைட்டுக்குக் கரண்ட் கொடுக்கிற நடுக்குடம்) கோத்த முன்சக்கரம் ஒன்றை 14,500 ரூபாய் கொடுத்து உங்களிடம் வாங்கினேன். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வெள்ளென 4 மணிக்கே சத்தியமங்கலம் பக்கம் கிளம்புகிற ஆள் நான். அடுத்து 600 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்ட ஆசை, அதற்கு 40 மணி நேரம்தான், அப்படியென்றால் நடுவில் ஒரு ராத்திரியாவது மிதித்தே ஆக வேண்டும், சார்ஜ் லைட்டை நம்பிப் போய் பண்ணாரி ரோட்டில் யானைக்கு முன்னால் இருட்டில் நிற்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆர்டர் போடும்போதே சாட்டில் தெளிவாக எழுதினேன்: 700சி அளவு சக்கரம், குயிக் ரிலீஸ் (கைப்பிடியைத் திருப்பிக் கழற்றுகிற அச்சு), ரிம் பிரேக் (சக்கரத்தின் வெளி வளையமான ரிம்மைக் கட்டை பிடிக்கிற வகை). "செட் ஆகும் சார்" என்று பதில் வந்தது. ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

பாதிதான் செட் ஆனது, அதுதான் வம்பே. ஹப் 100 மில்லிமீட்டர் அகலம், ஃபோர்க்கில் அழகாக உட்கார்ந்துகொண்டது. ஆனால் நீங்கள் அனுப்பியது டிஸ்க் பிரேக் ரிம். பிரேக் கட்டை பிடிக்கிற தட்டையான பட்டையே அதில் கிடையாது, பக்கவாட்டில் வழவழவென்று வளைந்து கறுப்புப் பெயின்ட் அடித்திருக்கிறது. ஹப்பில் இடப்பக்கம் டிஸ்க் மாட்டுகிற பல் சும்மா நீட்டிக்கொண்டு நிற்கிறது, என் ஃபோர்க்கிலோ டிஸ்க் காலிப்பர் மாட்ட இடமே இல்லை. போனில் கேட்டால் "பிரேக் கட்டையைக் கொஞ்சம் இறக்கி வையுங்க" என்கிறார்கள். ஏனுங்க, திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு. அந்த இறக்கத்தில் பெயின்ட்டைப் பிடித்தா பிரேக் நிற்கும்?

சரி, நேரில் காட்டிவிடலாம் என்று சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி கோவையில் இருக்கும் உங்கள் ஷோரூமுக்குப் போனேன் (கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார், அது தனிக்கதை). அங்கே இருந்தவர் ரிம்மைப் பார்க்கவே இல்லை. கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு "பேரிங் போச்சு" என்றார். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "டைனமோவும் செத்துப்போச்சு, நீங்களே மாட்டிக் கெடுத்துட்டீங்க, வாரன்டி கிடையாது" என்று முடித்துவிட்டார்.

அவர் மீட்டரை டிசியில் வைத்திருந்தார். டைனமோ ஹப் கொடுப்பது ஏசி, 6 வோல்ட் 3 வாட். டிசியில் வைத்தால் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டும், இதை அங்கேயே சொன்னேன், காதில் வாங்கவில்லை. கையால் சுற்றும்போது கடக் கடக்கென்று தடுத்துத் தடுத்து வருவதும் பேரிங் இல்லை, உள்ளே இருக்கும் காந்தத்தின் இழுப்பு, ஓட்டும்போது அது தெரியக்கூடத் தெரியாது. டைனமோ சக்கரம் விற்கிற கடையில் இதை வாடிக்கையாளர் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து லைட்டின் இரண்டு ஒயரையும் ஹப்பில் கொடுத்துச் சுற்றினேன், பளிச்சென்று எரிந்தது. வீடியோ இணைத்திருக்கிறேன். டயரில் உரசுகிற டைனமோவை வைத்துக்கொண்டு ராத்திரியில் கரும்புக்குத் தண்ணி கட்டப் போய் வந்தவர் எங்க அப்பா, அதைப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே எரியுது, அப்புறம் என்ன அக்கப்போரு" என்றார்.

ஆக, டைனமோ மேல் எனக்குப் புகாரே இல்லை, ரிம்தான் தப்பு. இந்தச் சக்கரத்தில் இன்னும் டயர்கூடப் போடவில்லை, ரோட்டில் ஓரடி ஓடவில்லை. ரிம் பிரேக்குக்கான ரிம்மில், டிஸ்க் பல் இல்லாத டைனமோ ஹப் கோத்து, கோட்டம் எடுத்து அனுப்புங்கள். முடியாதென்றால் 14,500 ரூபாயும் கூரியர் செலவும் திரும்ப வர வேண்டும். "நீங்களே கெடுத்துட்டீங்க" என்று எழுதிய ஜாப் ஷீட்டையும் ரத்து செய்து எழுத்தில் தரவும்.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் ஈரோடு நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுப்பேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், கோவைக்கு இன்னொரு தடவை லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

சக்கரத்தை உங்கள் பெட்டியிலேயே கட்டி வைத்திருக்கிறேன். எடுக்க ஆள் அனுப்பினால் சாயங்காலம் 5 மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், பகலில் அப்பா மட்டும்தான் இருப்பார், அவர் ரசீது இல்லாமல் தர மாட்டார்.

இப்படிக்கு,
கோபியிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்