சீனி எங்கும் 2.85 தான்

சுங்கை சிப்புட், மலேசியா,
நவம்பர் 2025.

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப் புலனத்தில் அனுப்பியிருக்கலாமே என்பாய். அனுப்பினால் நீலக் குறி இரண்டு விழுகிறது, பதில் விழுவதில்லை. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நீ படித்தாயா, பிரிக்காமலே மேசை மேல் போட்டிருக்கிறாயா என்பது எனக்குத் தெரியவே போவதில்லை.

மழை விட்டபாடில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. வேறொன்றும் விசேஷம் இல்லை.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். அடையாள அட்டையான மைகார்டில் அரசாங்கம் போட்ட 100 வெள்ளியை எடுத்துவிட்டாயா? ஆகஸ்ட் 31-ஆம் தேதி முதல் கொடுக்கிறார்கள். டிசம்பர் 31-ஆம் தேதியோடு சரி. மீதி வைத்தால் போய்விடும். உனக்கு 100, மருமகளுக்கு 100. மனுப் போட வேண்டியதில்லை, யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் கடையில் அடையாள அட்டையைக் கல்லாவில் நீட்டினால் போதும். அரிசி, மாவு, எண்ணெய், முட்டை, பிஸ்கட், டின் மீன், சவர்க்காரம், பள்ளிச் சாமான் எல்லாம் வாங்கலாம். வசதி இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் காசு என்று நினைத்து விட்டுவிடாதே. 18 வயது ஆன எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு, மந்திரியும் வாங்கலாம். அவர் வாங்குகிறாரோ இல்லையோ, நீ வாங்கு. டிசம்பர் 31.

இப்போது நான் ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறேன், சிரிக்காதே. ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை சம்பளத்தை அம்மா கையில் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. வெங்காயம் கிலோ என்ன விலை என்று கேட்டால் விழிப்பேன். அம்மாவால் நடக்க முடியாமல் போன பிறகு சாமான் வாங்குவது என் தலையில் விழுந்தது. முதல் ஆறு மாதம் நன்றாக ஏமாந்தேன். இப்போது யாரும் என்னை ஏமாற்ற முடியாது. ஈப்போ சாலைப் பேரங்காடி, பாசாருக்குப் பின்னால் இருக்கும் சீனர் கடை, பஸ் நிலையத்துப் பக்கம் நம்மவர் கடை, மூன்றிலும் விலை பார்த்து எழுதிவிட்டுத்தான் பையை விரிப்பேன்.

நீயும் அப்படிச் செய்தால் நல்லது. செய்கிறாயோ என்னவோ. சீனிக்குப் போய்க் கடை கடையாக அலையாதே. சீனி எங்கும் 2.85 தான், அரசாங்கம் கட்டிவைத்த விலை. ஒரு கிலோ பாக்கெட் எண்ணெயும் அப்படித்தான், 2.50. வாசலில் சீனியைக் குவித்து வைத்துச் சிவப்பு எழுத்தில் 2.85 என்று எழுதியிருப்பான். என்னவோ நமக்காகக் குறைத்த மாதிரி இருக்கும். உள்ளே போனால் மற்றச் சாமானில் அதை எடுத்துவிடுவான். கோழிக்கு 2023 நவம்பரிலேயே கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார்கள். முட்டைக்கு இந்த ஆகஸ்டில் நீக்கினார்கள். விலை பார்க்க வேண்டியது அவற்றுக்குத்தான். வெங்காயத்துக்கும் பருப்புக்கும் பார்.

பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நினைக்காதே. நானும் அப்படித்தான் நினைத்தேன். போன வாரம் துவரம்பருப்பு ஒரு கிலோ 7.10, பக்கத்திலேயே அரைக் கிலோ 3.40. சின்னது இரண்டு எடுத்தால் 6.80. முப்பது காசு மிச்சம். நான் குனிந்து கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு மலாய்க்கார அம்மாவும் பெரியதைத் திருப்பி வைத்துவிட்டுச் சின்னது இரண்டு எடுத்தார். அன்று முழுக்க எனக்கு ஒரே பெருமை.

கூப்பன் விஷயத்தில் எச்சரிக்கையாக இரு. பேரங்காடியில் ஒரு கூப்பன் கொடுத்தார்கள், 80 வெள்ளிக்கு வாங்கினால் 8 வெள்ளி கழிவு. என் சாமான் 53 வெள்ளிதான் வந்தது. மீதி 27 வெள்ளிக்கு என்ன எடுப்பது என்று தள்ளுவண்டியோடு அரை மணி நேரம் சுற்றி, துணி அலசும்போது ஊற்றுகிற வாசனைத் தண்ணீர் பெரிய பாட்டிலாக இரண்டு வாங்கி வந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "உங்கள் கைலியைப் பட்டு வேட்டியாக்கப் போகிறீர்களா?" என்றாள். 53-இல் முடிய வேண்டியது 72-இல் முடிந்தது. எட்டு வெள்ளியைப் பிடிக்கப் போய்ப் பத்தொன்பதை விட்டேன். வாங்கப் போகிற சாமானுக்குக் கூப்பன் இருந்தால் எடு. கூப்பனுக்காகச் சாமான் தேடாதே. இதை மருமகளிடமும் சொல். அவளுக்குத் தெரிந்திருக்கும், உன்னைவிடக் கெட்டிக்காரி.

காசாகக் கொடுத்தால் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒரு காசு, இரண்டு காசைக் கணக்கில் எடுக்காமல் 2008-லிருந்து மொத்தத்தை ஐந்து காசுக்குச் சரிசெய்கிறார்கள் அல்லவா? கடைசி எண் 2 அல்லது 7 வந்தால் நமக்கு இரண்டு காசு லாபம். 3 அல்லது 8 வந்தால் கடைக்கு லாபம். நான் வரிசையில் நிற்கும்போதே மனத்துக்குள் கூட்டிவிடுவேன். 8 வரும்போல் இருந்தால் ஏதாவது ஒன்றை மாற்றி எடுப்பேன். கல்லாப் பெண்ணுக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு.

உன் பெரியவள் தீபாவளிக்கு வந்தபோது என் கைத்தொலைபேசியில் பிரைஸ்கேட்சர் செயலியைப் போட்டுக் கொடுத்தாள். வாணிப அமைச்சினுடையது. எந்தக் கடையில் கோழி என்ன விலை, வெங்காயம் என்ன விலை என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். கிள்ளான் கடைகளையும் பார்த்தேன். உங்கள் வட்டாரத்தில் மீன் விலையைப் பார்த்துவிட்டுச் செயலியை மூடிவிட்டேன். ஒன்பது வயதில் என்ன சூட்டிகை! உன்னை உரித்து வைத்திருக்கிறாள். நம் தோட்டத்து லயத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நீதான். அந்தப் படம் இன்னும் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. மின்சாரக் கட்டணம் எழுத வருகிறவனிடம்கூட அம்மா காட்டுவாள். பட்டம் வாங்கியவனுக்கு அப்பனைக் கூப்பிட்டுப் பேச ஐந்து நிமிடம் இல்லை, அது வேறு கதை. நாலு பேருக்கு ஏழு பேர் வண்டி எதற்கு என்று அன்றே கேட்டேன். அப்போது நீ சிரித்தாய். போகட்டும்.

தீபாவளிக்கு இந்த முறை ஐந்து நாள் தங்கினாய். வருஷா வருஷம் இரண்டு நாளுக்கு மேல் விடுப்பு இல்லை என்பாய். அம்மாவுக்கு மகிழ்ச்சி, எனக்கும்தான். அந்த ஐந்து நாளில் ஒரு தடவைகூட அலுவலகத்திலிருந்து உனக்கு அழைப்பு வரவில்லை. நல்ல மேலாளர்போல.

ஊர்ச் செய்தி ஒன்று. காலையில் என்னோடு பசியாற உட்காரும் நண்பரின் மருமகனைத் தொழிற்சாலையில் ஆள்குறைப்பு என்று நிறுத்திவிட்டார்கள். பையன் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. தினமும் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவானாம். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் வேலை இழந்தவர்களுக்கு என்றே ஒரு காப்புறுதி 2018 முதல் இருக்கிறது. மாதா மாதம் சம்பளத்தில் பிடித்த காசுதான், யாரும் தர்மமாகக் கொடுப்பதில்லை. முதல் மாதம் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு, பிறகு குறைந்துகொண்டே வந்து ஆறு மாதம் வரை கிடைக்கும். ஆனால் வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அவன் 58-ஆம் நாள் ஓடினான். இதை ஏன் உனக்கு எழுதுகிறேன்? சும்மா, செய்திதான்.

எங்கே விட்டேன்? ஆம், கூப்பன். கல்லாவில் கடைசி நேரத்தில் ஒரு சாமானைத் திருப்பி வைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நானும் வைத்திருக்கிறேன். தொகை கூடிவிட்டால் வைக்க வேண்டியதுதான்.

தம்பி, தீபாவளிக்கு முந்தின நாள் பேரங்காடியில் நான் உனக்குப் பின்னால்தான் நின்றேன். கல்லாவில் பச்சை எழுத்தில் தொகை ஏறிக்கொண்டே வந்தது. நீ சாமானைப் பார்க்கவில்லை, அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு பால்மாவு டின்னை எடுத்து ஓரமாக வைத்து, "இது வேண்டாம்" என்றாய். என் பக்கம் திரும்பாமலே, "சின்னவன் குடிக்கும் வகை இது இல்லை, அப்பா" என்றாய். அதே டின்தான். நீல மூடி. அன்று காலையில் அம்மா அடியைச் சுரண்டி அவனுக்குக் கலக்கியது அதிலிருந்துதான். நான் பேட்டரி தொங்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பேட்டரி தேவையே இல்லை.

அந்தக் குரலை நான் முன்பும் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். 1997 டிசம்பர். உனக்குப் பத்து வயது. இதே மாதிரி மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்க வேண்டும். தோட்டத்து முனைக் கடையில் நம் கடன் எழுதும் 555 புத்தகம் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டது. அம்மா தானே போகிறேன் என்றாள். நான் விடவில்லை. சின்னப் பிள்ளை போய் நின்றால் கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார் என்று ஒரு கணக்குப் போட்டேன். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டு உன்னை அனுப்பினேன். இரண்டு கிலோ அரிசி, ஒரு பால் டின். அம்மா ஆற்றுப் பக்கம் துணி அலசப் போனாள்.

எனக்குக் காய்ச்சல் இல்லை, தம்பி. நீ போன பிறகு மனசு கேட்காமல் எழுந்து பின்னாலேயே வந்தேன். கடைக்கு எதிரே பஸ் நிற்கும் கொட்டகையில் தூண் மறைவில் நின்றேன். அவர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கத்தைப் புரட்டினார். மொத்தத்தைக் கடைக்குள் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார், 187 வெள்ளி 40 காசு. அரிசியை நிறுத்துக் கட்டினார். பால் டின்னைப் பலகையிலிருந்து எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார். உன்னோடு படித்த பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். சாலையைக் கடந்தால் பத்து அடி. நான் கடக்கவில்லை.

கித்தாக் காட்டுக் குறுக்குப் பாதையில் ஓடிவந்து உனக்கு முன்பே பாயில் படுத்துவிட்டேன். நீ அரிசிப் பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நனைந்து வந்தாய். "பால் எங்கே?" என்று ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டேன். "கடையில் தீர்ந்துவிட்டது, அப்பா" என்றாய். அதற்கு நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "முன்னாலேயே போயிருந்தால் கிடைத்திருக்குமே, எதற்கும் துப்பில்லை" என்று திட்டினேன். நீ பதில் பேசவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு போய்ப் பாடப் புத்தகத்தை எடுத்தாய். இதை அம்மாவிடமும் இன்றுவரை சொன்னதில்லை. இவ்வளவு காலம் உன்னிடம் சொல்லாததற்கு என்ன காரணம் என்று யோசித்தேன். கேட்டுவிட்டால் நீ, "எனக்கு நினைவில்லை, அப்பா" என்பாய். அதையும் அதே குரலில்தான் சொல்வாய்.

மாதம் அனுப்பும் 300 வெள்ளியை இனி அனுப்ப வேண்டாம். செப்டம்பரில் 200 வந்து, பத்து நாள் கழித்து 100 வந்தது. போன மாதம் மருமகள் கணக்கிலிருந்து வந்தது. நான் கேட்கவில்லை, புத்தகத்தில் தேதி போட்டு எழுதுவதால் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். எங்களுக்குப் போதும். முட்டை தினமும் ஒன்று, கோழி ஞாயிற்றுக்கிழமை, கீரை வீட்டுப் பின்னால் வளர்கிறது. எங்களுக்கு என்ன செலவு?

ஞாயிற்றுக்கிழமை உன் மாமா மகன் கிள்ளானுக்கு வருகிறான். ஒரு பெட்டி கொடுத்து அனுப்புகிறேன். பால்மாவு மூன்று டின், நீல மூடிதான், தேதி பார்த்துத்தான் எடுத்தேன். மூன்றாக வாங்கினால் சலுகை என்றார்கள், அதனால்தான் மூன்று. விலைச் சீட்டை உரித்துவிட்டேன், தேடாதே. அந்த வாசனைத் தண்ணீரில் ஒரு பாட்டிலும் இருக்கிறது, மருமகளிடம் கொடு. பெரிய டின்னில் முறுக்கு. டின் உன் பாட்டி காலத்தது, திரும்ப வர வேண்டும் என்று அம்மா இரண்டு முறை சொல்லிவிட்டாள். யாரிடமும் கொடுத்து அனுப்பாதே, நீயே கொண்டு வா.

அன்புடன்,
அப்பா

பி.கு.: மைகார்டு 100 வெள்ளி, டிசம்பர் 31. சொக்சோ அலுவலகம் சனி, ஞாயிறு திறப்பதில்லை என்று அந்த நண்பர் சொன்னார்.