கை தூக்கச் சொல்வதற்கு முன் அளந்து பாருங்கள்: புதுப்பித்த ஜிம்மின் செயலாளருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். புதுப்பித்த ஜிம்மைத் திறந்ததிலிருந்து உறுப்பினர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். "இப்போதுதான் ஜிம் மாதிரி இருக்கிறது" என்று ஒரு பக்கம். "பழையதே தேவலை" என்று இன்னொரு பக்கம். பொதுக்குழுவில் கை தூக்கச் சொல்லி, பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதன்படி முடித்துவிடலாம் என்ற யோசனை உங்களுக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டோம். தயவுசெய்து அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

உபகரணங்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் பயிற்சி கொடுப்பதும் எங்கள் வேலை. உறுப்பினர்கள் சொல்வதை அந்தக் கண்ணோடு கேட்டால், அவற்றில் பெரும்பாலானவை பிடித்தது, பிடிக்காதது என்ற கணக்கில் வருவதில்லை. ஒவ்வொரு புகாருக்கும், ஏன் ஒவ்வொரு பாராட்டுக்கும்கூட, அந்த அறைக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது. டேப்பும் தராசும் வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம். ட்ரெட்மில்லுக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை எத்தனை கைகள் உயர்ந்தாலும் மாற்ற முடியாது.

முதலில் ட்ரெட்மில்லையே எடுத்துக்கொள்கிறோம், ஏனென்றால் இதில் ஆபத்து இருக்கிறது. புது வரிசை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடுகிறவரின் முதுகு சுவரைப் பார்த்தபடி, பின்னால் ஒரு மீட்டர்கூட இல்லாமல் வைத்திருக்கிறார்கள். ஓடும்போது கால் இடறினால் பெல்ட் ஆளைப் பின்னால் தள்ளும். பின்னால் சுவர் இருந்தால் அவர் சுவருக்கும் ஓடிக்கொண்டிருக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். எழுந்திருக்க வழி இருக்காது, தோல் உரிந்துவிடும். பின்னால் 2 மீட்டர், இரண்டு பக்கமும் அரை மீட்டர் காலியாக இருக்க வேண்டும். ஐந்து மெஷினுக்கு அந்த இடம் இல்லையென்றால் நான்கு போதும். இழுபட்டால் மெஷினை நிறுத்தும் சிவப்புக் கயிற்றுச் சாவியைச் சட்டையில் மாட்டாமல் ஓட விடாதீர்கள் என்று பயிற்சியாளரிடமும் சொல்லிவையுங்கள்.

"கால் வைக்கும்போது ஒரு நொடி நின்று இழுக்கிறது" என்று இரண்டு ட்ரெட்மில்களைப் பற்றிச் சொல்கிறார்கள். அதைப் பிரித்துப் பார்ப்பது எளிது. மெக்கானிக் 3 கிலோமீட்டர் வேகத்தில் வைத்து, கைப்பிடியைப் பிடித்தபடி பாதத்தால் பெல்ட்டை அழுத்தி நிறுத்திப் பார்க்கட்டும். பெல்ட் நின்று முன் ரோலர் மட்டும் சுற்றினால் மேல் பெல்ட் தளர்ந்திருக்கிறது. பின்பக்க போல்ட் இரண்டையும் சமமாகக் கால் சுற்று இறுக்கினால் போதும். ரோலரும் நின்று மோட்டார் மட்டும் சுற்றினால் கோளாறு உள்ளே மோட்டார் பெல்ட்டில். இரண்டும் இல்லையென்றால் வயரிங்கைப் பாருங்கள். ஒவ்வொரு ட்ரெட்மில்லுக்கும் தனி சர்க்யூட் வேண்டும். ஒரே லைனில் இரண்டை மாட்டினால் இருவர் சேர்ந்து ஓடும்போது மின்னழுத்தம் இறங்கும், அல்லது பிரேக்கர் விழும்.

அடுத்தது, அதிகம் சண்டை நடக்கும் விஷயம்: "புது கேபிள் மெஷினில் எடை பொய்." எடையில் தப்பில்லை, கப்பிக் கணக்குதான் வேறு. பழைய மெஷினில் கேபிள் நேராக எடை அடுக்குக்குப் போனது. அடுக்கில் 40 கிலோ என்றால் கையிலும் ஏறக்குறைய 40. இப்போது வந்திருக்கும் இரட்டைத் தூண் மெஷின் 2:1 கப்பியில் ஓடுகிறது. எடையைத் தேர்ந்தெடுக்கும் ஊசியை அடுக்கில் 40-ல் செருகினால் கையில் வருவது 20. அதற்குப் பதிலாகக் கேபிள் இரண்டு மடங்கு நீளம் வரும். நின்று இழுக்க, சுழன்று இழுக்க அதுதான் வசதி. ஆகவே மெஷினை வாங்கியதில் தவறில்லை, சொல்லாமல் விட்டதுதான் தவறு. ஒருவர் தனக்குப் பலம் இரட்டித்துவிட்டதாக நினைக்கிறார். இன்னொருவர் ஏமாற்று வேலை என்கிறார். மூன்றாமவர்தான் நமக்குக் கவலை. இரட்டைத் தூணில் 40 போட்டுப் பழகியவர் பக்கத்தில் இருக்கும் லாட் புல்டவுனிலும் (உட்கார்ந்து மேலிருந்து கீழே இழுக்கும் மெஷின்) அதே 40 போடுவார். அது 1:1, போட்ட எடை முழுதும் கையில் வரும். தோளுக்கு ஒரே நாளில் இரண்டு மடங்கு சுமை.

இதைச் சரிசெய்ய ஒரு மாலை போதும். பயணப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை எடுத்துக் கேபிள் முனையில் மாட்டுங்கள். அந்தத் தராசுகள் பெரும்பாலும் 40, 50 கிலோவுக்கு மேல் தாங்காது. அதனால் ஊசியை 20 கிலோவில் போட்டுப் பாருங்கள். மெதுவாக இழுக்கும்போது ஒரு அளவு, மெதுவாக விடும்போது ஒரு அளவு. உராய்வு காரணமாக இழுக்கும்போது கூடுதலாகவும் விடும்போது குறைவாகவும் காட்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதே உண்மை. அந்த விகிதத்தை வைத்து, "கையில் வரும் எடை" என்று ஒவ்வொரு மெஷினிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் கப்பியோ வழிகாட்டிக் கம்பியோ காய்ந்து கிடக்கிறது, அதையும் கையோடு பார்த்துவிடலாம்.

லெக் பிரஸ்ஸுக்கும் ஸ்டிக்கர் தேவை. 45 டிகிரி சாய்வில் தள்ளும்போது, ஏற்றிய எடையில் சுமார் 70 சதவீதம்தான் காலுக்கு வரும். ஆனால் தள்ளும் பலகைக்கே தனி எடை உண்டு, பிளேட்டே (எடைத் தட்டு) போடாமல் அது காலில் இருக்கிறது. பழைய லெக் பிரஸ்ஸின் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு புதியதில் ஏற்றக் கூடாது. பார் தண்டவாளத்தில் மேலும் கீழும் நகரும் ஸ்மித் மெஷினிலும் இதே கதைதான். உள்ளே எதிர் எடை இருந்தால் அந்தப் பார் சாதாரணப் பாரைப் போல 20 கிலோ அல்ல, அதற்கு வெகுவாகக் குறைவு.

தரைக்கு வருவோம். அறை முழுக்க ஒரே 8 மில்லிமீட்டர் ரப்பர் டைல் போட்டிருக்கிறீர்கள். பாராட்டுகிறவர்கள் யாரென்று பாருங்கள். டம்பெல் செய்கிறவர்கள், பாயில் நீட்டி மடக்குகிறவர்கள். அவர்களுக்கு இந்தத் தரை சரி, வழுக்காது, துடைக்கவும் சுலபம். திட்டுகிறவர்கள் டெட்லிஃப்ட் செய்கிறவர்கள், அதாவது தரையில் இருக்கும் பாரை நின்று தூக்குகிறவர்கள். 100 கிலோ பார் இறங்கும்போது 8 மில்லிமீட்டர் ரப்பரால் ஒன்றும் செய்ய முடியாது. அடி நேரே கான்கிரீட்டுக்குப் போகிறது. டைல்கள் ஒன்றையொன்று தள்ளி இடைவெளி விடுகின்றன. சத்தம் கட்டடம் முழுக்கப் போகிறது. அறை முழுவதையும் பெயர்க்க வேண்டாம். பளு தூக்க ஒரு மூலையை ஒதுக்கி மேடை போடுங்கள்.

மேடைக்கு 2.44 மீட்டருக்கு 1.22 மீட்டர் அளவுள்ள 18 மில்லிமீட்டர் பிளைவுட் மூன்று வேண்டும். இரண்டைப் பக்கம் பக்கமாகக் கீழே விரியுங்கள், 2.44 மீட்டர் சதுரம் கிடைக்கும். மூன்றாவதை அவற்றின் சேர்மானத்துக்குக் குறுக்காக நடுவில் வையுங்கள். சேர்மானம் மேலும் கீழும் ஒரே கோட்டில் வந்தால் அந்த இடம்தான் முதலில் உடையும். நடுப்பலகையின் இரண்டு பக்கமும் 61 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கெட்டி ரப்பர் ஷீட், பலகையின் அதே கனத்தில். நிற்பது பலகையில், பிளேட் விழுவது ரப்பரில். திருகாணி 30 மில்லிமீட்டர் நீளம் போதும், இரண்டு பலகையின் 36 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். நீளமானதைப் போட்டால் கீழே துளைத்துக்கொண்டு போய்த் தரையில் நிற்கும், மேடை ஆடும். திருகாணியின் தலையைப் பலகைக்குள் இறக்கி முடுக்க வேண்டும். ரப்பர் பலகையைவிட உயரமாக இருந்தால் பார் மேலே ஏறிவிடும், தாழ்வாக இருந்தால் கீழே இறங்கிவிடும். எனவே வாங்கும் முன் கனத்தை அளந்து வாங்குங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், பிளேட்டின் விட்டம். பெரிய பிளேட் 450 மில்லிமீட்டர், அதைப் போட்டால் பார் தரையிலிருந்து 225 மில்லிமீட்டரில் இருக்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் சின்ன 5 கிலோ இரும்பு பிளேட்டோடு ஆரம்பித்தால் பார் கணுக்காலுக்கு வந்துவிடும், முதுகு வளைந்துதான் எடுப்பார். அதே 450 விட்டத்தில் 5 கிலோ ரப்பர் பிளேட் கிடைக்கிறது. அது ஒரு ஜோடியாவது வேண்டும். அதைத் தூக்கிப் போடக் கூடாது, மெல்லியது, வளைந்துவிடும்.

வாசனை. புது ரப்பர் டைல் பெரும்பாலும் பழைய டயர்த் துகளில் செய்வது, சில வாரம் நாற்றம் இருக்கும். காற்றோட்டம் இருந்தால் குறையும். சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும். பிளீச்சும் பெட்ரோல் சார்ந்த திரவங்களும் ரப்பரைக் கெடுத்துவிடும். ஆனால் இங்கே நாற்றம் போகாததற்குக் காரணம் வேறு: ஏசி போட்ட கையோடு ஜன்னல்களை நிரந்தரமாக மூடிவிட்டீர்கள். "ஜில்லென்று இருக்கிறது" என்பவரும் "மூச்சு முட்டுகிறது" என்பவரும் ஒரே அறையைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பி அனுப்புகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர் ஒன்றைத் தலை உயரத்தில், யாரும் மூச்சு விடும் இடத்துக்குத் தள்ளி வைத்து, கூட்ட நேரத்தில் பாருங்கள். வெளியே 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) அளவில் இருக்கும். உள்ளே 1000-ஐத் தாண்டினால் புதுக் காற்று போதவில்லை என்று பொருள்.

உடற்பயிற்சி அறையில் மணிக்கு 8 முதல் 12 தடவை காற்று மாற வேண்டும். அறை 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று வைத்தால் 450 கன மீட்டர். 8 தடவைக்கு மணிக்கு 3600 கன மீட்டர். எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கும்போது அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை இதோடு ஒப்பிடுங்கள், ஒன்று போதாவிட்டால் இரண்டு. ஃபேன் ஒரு சுவரில் என்றால் காற்று வரும் வழி எதிர்ச் சுவரில் இருக்க வேண்டும். பக்கத்திலேயே ஜன்னலைத் திறந்தால் வந்த காற்று அப்படியே வெளியே போய்விடும், அறையின் மறுகோடி அப்படியேதான் இருக்கும்.

டம்பெல் விஷயத்தில் பெண்களும் பெரியவர்களும் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். டம்பெல் ராக்கில் 2.5 கிலோவிலிருந்து 40 வரை இரண்டரை இரண்டரையாக ஏறுகிறது. 20-லிருந்து 22.5-க்குப் போவது எட்டில் ஒரு பங்கு கூடுதல். 5-லிருந்து 7.5-க்குப் போவது பாதிக்குப் பாதி கூடுதல். தோள் பயிற்சியில் அந்தத் தாவலைப் பலரால் தாண்ட முடிவதில்லை. அதனால் மாதக்கணக்கில் 5-லேயே நிற்கிறார்கள். 40 கிலோ ஜோடி ஒன்றின் எடை 80 கிலோ. அதே 80 கிலோ இரும்புக்கு 1, 2, 3, 4, 6, 8 கிலோ ஜோடிகள் ஆறும், அவற்றோடு 6-லும் 10-லும் இன்னொரு ஜோடியும் வந்துவிடும். 40-ஐ எடுக்கிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வாரம் பார்த்தால் முடிவு தானாகத் தெரியும்.

பாராட்டுகளிலும் நியாயம் இருக்கிறது. பாரைத் தாங்கும் புது ராக்கில் துளைகள் நெருக்கமாக இருப்பதால், உயரம் குறைந்தவரும் நுனிக்காலில் எம்பாமல் பாரை எடுக்க முடிகிறது. பாதுகாப்புக் கம்பி இருப்பதால் தனியாக வருகிறவரும் பயமில்லாமல் ஸ்குவாட் செய்கிறார். பெஞ்ச் மட்டும் சற்று உயரம். பவர்லிஃப்டிங் போட்டிகளில் பெஞ்ச் உயரம் 42 முதல் 45 சென்டிமீட்டர் என்று விதி. அதற்கு மேல் போனால் குள்ளமானவருக்குக் கால் தரையில் பதியாது. பெஞ்சை மாற்ற வேண்டியதில்லை, ஒவ்வொரு பாதத்துக்கு அடியிலும் ஒரு தட்டையான பிளேட் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெஞ்சுக்கு நேர் மேலே இருக்கும் விளக்கு படுப்பவர் கண்ணில் அடிக்கிறது. பெஞ்சை 60 சென்டிமீட்டர் நகர்த்தினால் தீரும்.

மற்றவை சின்ன விஷயங்கள். பொருத்தி ஒரு மாதம் ஆனதும் எல்லா போல்ட்டையும் ஒரு முறை இறுக்க வேண்டும். கேபிளின் பிளாஸ்டிக் உறை முனையில் வெடித்திருந்தால் அன்றே அந்த மெஷினை நிறுத்துங்கள். சீட்டுகளை ஆல்கஹால் திரவத்தால் துடைக்க வேண்டாம், ரெக்ஸின் வெடிக்கும்.

கருத்துக் கேட்பதாக இருந்தால், "புது ஜிம் பிடித்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். எந்த உபகரணம், எந்த நேரம், என்ன செய்தபோது என்று கேளுங்கள். கூடவே இரண்டு வாரத்துக்கு, அரை மணிக்கு ஒரு முறை, ஒவ்வொரு உபகரணத்திலும் எத்தனை பேர், காத்திருப்பவர் எத்தனை பேர் என்று பயிற்சியாளர் குறித்துவரட்டும். காத்திருப்பவர் எண்ணிக்கை முக்கியம். காலை பதினொரு மணிக்குச் சும்மா கிடக்கும் மெஷினுக்கு மாலை ஏழு மணிக்கு மூன்று பேர் நிற்பார்கள், சராசரியில் இது மறைந்துவிடும்.

கடைசியாக, கிடங்கில் கிடக்கும் பழைய சாமான். பழைய பிளேட்டுகளின் துளை 28 மில்லிமீட்டர், புதுப் பாரின் முனை 50 மில்லிமீட்டர், சேராது. பழைய பிளேட்டைப் பழைய பாரோடு சேர்த்தே வையுங்கள். புது பிளேட்டைப் பழைய பாரில் போட யாரையும் விடாதீர்கள், அது ஆடி ஒரு பக்கம் சரியும். சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள்கள் இரண்டை மட்டும் விற்காதீர்கள். அவற்றுக்குப் பதிலாக வந்த ஸ்பின் சைக்கிளில் சீட் உயரம், முன்னால் குனிய வேண்டும். கனமான சக்கரம் மிதியோடு சேர்ந்தே சுற்றுவதால் காலை நிறுத்தினாலும் மிதி நிற்காது. முட்டி வலிக்காரரும் நிலை தடுமாறுகிறவரும் அதில் ஏற முடியாது. பழைய சைக்கிளுக்கு இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் இடம் போதும். ட்ரெட்மில் ஒன்றைக் குறைத்தால் அந்த இடம் கிடைக்கிறது. இதற்குப் பொதுக்குழு கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இந்த வாரமே உள்ளே கொண்டுவந்துவிடலாம்.

இப்படிக்கு,
பயிற்சியும் பராமரிப்பும் தொழிலாகக் கொண்ட உங்கள் உறுப்பினர்கள் சிலர்