ஆச்சி கண்காட்சிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

சுங்கை சிப்புட் பட்டணத்தாருக்கும், சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்களுக்கும், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் கண்காட்சிக் குழுவின் வணக்கம்.

நடிகை மனோரமாவின் வாழ்க்கையையும் கலைப்பணியையும் சொல்லும் கண்காட்சி கோயில் மண்டபத்தில் நல்லபடியாக முடிந்தது. பலகைகளைக் கழற்றியாயிற்று, இரவல் வாங்கிய பொருள்கள் ஒவ்வொன்றாக வீடு திரும்பிக்கொண்டிருக்கின்றன. நிறைவு நாளில் ஒலிபெருக்கியில் அவசரமாகச் சொன்ன நன்றி போதாது. யார் எதைச் செய்து கொடுத்தார்கள், அது இல்லாவிட்டால் என்ன கெட்டுப் போயிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். வேறு தோட்டத்தில் இப்படி ஒன்று செய்ய நினைப்பவர்களுக்கும் இது உதவட்டும்.

முதல் நன்றி பாட்டுப் புத்தகங்களைப் பாதுகாத்து வைத்திருந்த பாட்டிமாருக்கு. தியேட்டர் வாசலில் சில காசுக்கு விற்ற அந்தச் சின்னப் புத்தகங்கள்தாம் கண்காட்சியின் முதுகெலும்பு. நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், பாடியவர் பெயர் எல்லாம் படம் வெளிவந்த காலத்திலேயே அச்சானவை என்பதால், பிற்காலத்தில் யாரோ நினைவிலிருந்து எழுதிய பட்டியலைவிட இவற்றை நம்பலாம். தகர டின்னில் இருந்தவை தப்பித்தன. அட்டைப் பெட்டியில் இருந்தவற்றை ராமபாணப் பூச்சி அரித்திருந்தது. பெரிய எதிரி பூச்சிகூட இல்லை, நடுவில் அடித்த இரும்புப் பின். நம் ஊர் ஈரக்காற்றில் அது துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளையும் தின்றுவிடும். பின்னைப் பிடித்து இழுத்தால் தாளும் கூடவே வரும். பின்னுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, தட்டையான கத்தி முனையால் பின்னின் கால்களை நிமிர்த்தி, மறுபக்கமாக வெளியே தள்ள வேண்டும். இந்த வேலையைப் பொறுமையாகச் செய்து கொடுத்த தையற்கடை அக்காவுக்குத் தனி நன்றி. ஒரு வேண்டுகோளும் உண்டு: பழைய புத்தகத்தைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு யாராலும் எடுக்க முடியாது. செலோட்டேப்பும் வேண்டாம், அதன் பசை மஞ்சளாகி எழுத்தின் மேலேயே ஊறிவிடும்.

தேதிகளையும் பெயர்களையும் சரிபார்த்தவர்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இருவர். மனோரமா 1937 மே 26இல் மன்னார்குடியில் பிறந்தார், இயற்பெயர் கோபிசாந்தா, வளர்ந்தது காரைக்குடிக்கு அருகே பள்ளத்தூர். ‘ஆச்சி’ என்ற அழைப்பு அந்தச் செட்டிநாட்டு மண்ணோடு ஒட்டியது. சிறு வயதிலேயே நாடக மேடை ஏறியவர், கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ வழியாக 1958இல் திரைக்கு வந்தார். 1963இல் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகி. இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் எங்கே என்றால், இந்தித் திரையுலகில் இன்னொரு மனோரமா இருந்தார். 1972இல் வந்த ‘சீதா அவுர் கீதா’வில் கொடுமைக்காரச் சித்தியாக நடித்தவர் அவர்தான். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் இருவர் படங்களும் கலந்து கிடக்கின்றன, புகைப்படங்களும் அப்படியே. ஆசிரியர்கள் போட்ட விதி எளியது: பாட்டுப் புத்தகம், படத்தில் நடிகர் பெயர்கள் ஓடும் பெயரெழுத்துக் காட்சி, அக்காலப் பத்திரிகை ஆகிய மூன்றில் இரண்டு ஒத்துப் போனால்தான் பலகையில் ஏறும். ஒத்துப் போகாதது எவ்வளவு ருசியான செய்தியாக இருந்தாலும் ஏறவில்லை.

எண்ணிக்கை விஷயத்திலும் அவர்கள் அசையவில்லை. ஆயிரம் படங்களைத் தாண்டியதற்காக கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றது ஊரறிந்த செய்தி. ஆகவே ‘ஆயிரத்துக்கும் மேல்’ என்று அச்சிட்டோம். ஆயிரத்து ஐந்நூறு என்று போடச் சொல்லி வந்த யோசனைகளுக்கும் நன்றி, ஆனால் அதற்கு எண்ணிக் காட்டும் பட்டியல் கையில் வேண்டும். ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்ற பலகையில் அடிக்குறிப்பு சேர்த்ததும் ஆசிரியர்கள்தாம். அண்ணாவோடும் கலைஞரோடும் நடித்தது நாடக மேடையில்; எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமாராவ் ஆகியோரோடு நடித்தது திரையில். இந்தப் பிரிவைச் சொல்லாமல் விட்டால், அண்ணா எந்தப் படத்தில் நடித்தார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

புகைப்படங்கள் பெரும்பாலும் குடும்ப ஆல்பங்களின் நடுப்பக்கங்களில் செருகியிருந்த நட்சத்திரப் படங்களும் வார இதழ்களின் கத்தரிப்புகளும். பசைக்கோடு போட்ட ஆல்பம் என்றால் படம் பக்கத்தோடு இறுகிப் போயிருக்கும். நகத்தால் கிளப்பினால் முகத்தின் குறுக்கே மடிப்பு விழும். பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலை ஒரு மூலையில் நுழைத்து, மெல்ல அறுப்பதுபோல் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அப்படியும் வராவிட்டால் விட்டுவிட்டு, முழுப் பக்கத்தையும் ஸ்கேனரில் வைப்பதே மேல். ஸ்கேன் செய்து கொடுத்த புகைப்படக்கடைத் தம்பி கணக்கு தவறாதவர். 4 அங்குலப் படத்தை 16 அங்குலமாக்குவது நான்கு மடங்கு; அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும்; ஆகவே ஸ்கேன் 1200இல் இருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியவை திரையில் பளபளத்தாலும் அச்சில் கட்டம் கட்டமாக உடைந்துவிடும், ஏனென்றால் அனுப்பும்போதே படம் சுருக்கப்படுகிறது. பத்திரிகைக் கத்தரிப்பு வேறு ரகம். அச்சு மைப்புள்ளிகளும் ஸ்கேனரின் புள்ளிகளும் மோதி, முகத்தில் வலை போட்டதுபோல் கோலம் விழும். 600இல் எடுத்து, புள்ளி நீக்கும் வசதியைப் போட்டு, பிறகு அளவைப் பாதியாக்கினால் கோலம் அடங்கும்.

வீடியோ வாடகைக்கடை நடத்திய அண்ணன் தன் நாடாக்களை மூட்டையாகவே தூக்கிக் கொடுத்துவிட்டார். அவற்றை மண்டபத்தில் போடவில்லை. பொது இடத்தில் படம் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும். மலேசியாவின் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டமும் உண்டு. பெயரெழுத்துகளைச் சரிபார்க்கவும், நடிப்பைக் கவனித்துக் குறிப்பெடுக்கவும் மட்டுமே நாடாக்கள் பயன்பட்டன. நாடாவைக் கருவியில் தள்ளுமுன் சன்னல் வழியே விளிம்பைப் பார்க்க வேண்டும். வெள்ளைத் தூள் தெரிந்தால் அது பூஞ்சை. அப்படியே ஓட்டினால் நாடாவைப் படிக்கும் கருவியின் தலைப்பகுதி அடைத்துப் படம் பனி கொட்டும். அதே கருவியில் அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் பூஞ்சை தொற்றும். பூஞ்சை பிடித்தவற்றைத் தனிப் பையில் பிரித்து வைத்து, உலர்ந்த அறையில் காயவிட்டு, பழைய கருவி ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி, இடையிடையே தலைப்பகுதியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோலால் துடைத்துக் கொடுத்தார் அந்த அண்ணன். பஞ்சுக்குச்சி கூடாது, நார் சிக்கித் தலையைப் பெயர்த்துவிடும்.

சின்னத்திரைப் பலகை மெலிந்திருந்ததைப் பலர் சொன்னார்கள். தொடர்களிலும் அவர் நடித்தார், ஆனால் வீட்டில் பதிவு செய்தவர்கள் இந்த வார நாடாவின் மேலேயே அடுத்த வாரத்தைப் பதிந்தார்கள். பாட்டுப் புத்தகம் போல் தொடருக்கு அச்சான சான்றும் கிடையாது. ஆதாரம் இருந்த அளவுக்கே பலகை.

இனி மண்டபத்தின் இடது சுவர். பார்த்தவர்கள் அதிக நேரம் நின்றது அங்கேதான், எங்களுக்கும் அதுவே பிடித்த இடம். மனோரமாவை வெறும் சிரிப்பு நடிகையாகவோ, கடைசிக் காலத்து அழும் அம்மாவாகவோ மட்டும் நினைப்பவர்கள் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பார்க்க வேண்டும் என்றுதான் நாடக மேடையை முதலில் வைத்தோம். மைக் எட்டாத மேடையில் கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டுமானால் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கக் கூடாது. கூட்டம் சிரித்தால் அடுத்த வரியை நிறுத்தி, சிரிப்பு இறங்கத் தொடங்கும்போது பிடிக்க வேண்டும். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் காட்சி செத்துவிடும். சொந்தக் குரலில் பாடவும் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பயிற்சியோடு வந்ததால்தான் 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் ஜில் ஜில் ரமாமணி, ஒரு நாடகக்காரியின் பகட்டையும் நல்ல மனசையும் ஒரே பேச்சில் காட்ட முடிந்தது. அதே ஆண்டு ‘பொம்மலாட்டம்’ படத்தில் ‘வா வாத்யாரே ஊட்டாண்ட’ பாட்டைத் தானே பாடி, மெட்ராஸ் பாஷையைக் கேலியாக்காமல் உயிரோடு நிறுத்தினார். 1989இல் வந்த ‘புதிய பாதை’க்குக் கிடைத்த சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதும், 2002இன் பத்மஸ்ரீயும் வலது சுவரில் சிறிய பலகைகளாகவே இருந்தன. விருதைப் பார்த்து யாரும் நடிக்கக் கற்றுக்கொள்வதில்லை என்பது எங்கள் எண்ணம்.

அந்த இடது சுவரின் முன் நின்று சென்னை, கொங்கு, நெல்லை, செட்டிநாடு என்று பேச்சுவழக்குகளை மாற்றி மாற்றிப் பேசிக் காட்டிய தோட்டத்து லயத்து வீடுகளின் பெண்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஒருவரும் மேடை ஏறியவர் அல்லர். குரலை மட்டும் மாற்றினால் வழக்கு வராது, மூச்சு விடும் இடம் மாற வேண்டும் என்று கண்டுபிடித்துப் பழகியவர்களும் அவர்களே. ஹார்மோனியம் தந்த பஜனைக் குழுவினருக்கும் வணக்கம். ஈரத்தில் கட்டைகள் உப்பி ஒட்டிக்கொள்ளும். வெயிலில் வைத்தால் துருத்தியின் தோல் வெடிக்கும். மூடி திறந்த நிலையில் காற்றோட்டமான உலர்ந்த அறையில் வைத்து, கட்டைகளின் பக்கங்களை மட்டும் மெல்லத் தேய்த்துச் சீர் செய்து கொண்டுவந்தார்கள்.

பலகை அடித்த அச்சகத்தார் பிழைக்கு இடம் தரவில்லை. தமிழ் எழுத்துருவோடு கோப்பை அப்படியே கொடுத்தால், பழைய வடிவமைப்பு மென்பொருளில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். ‘கொ’ உடைந்த பலகையைக் கூட்டம் மன்னிக்காது. எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கி, மாதிரித் தாள் ஒன்றில் அச்சிட்டுப் பார்த்த பிறகே பெரிய இயந்திரத்துக்குப் போனது. விளக்க எழுத்து 28 புள்ளிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவரும் அச்சக முதலாளிதான். வயதானவர்கள் அவரை வாழ்த்திவிட்டுப் போனார்கள். 5 மில்லிமீட்டர் நுரைப்பலகையை இருபக்க டேப்பில் ஒட்டினால் தகரக் கூரையின் சூட்டில் மதியத்துக்குள் வழுக்கி விழும். மூலைகளில் துளையிட்டு, கண்ணி அடித்து, கேபிள் டையால் சட்டத்தில் கட்டிய கொத்தனார் ஐயாவால்தான் ஒரு பலகையும் விழவில்லை. பலகையின் நடு, தரையிலிருந்து 145 சென்டிமீட்டர். சக்கர நாற்காலிப் பாட்டிகளுக்காகக் கடைசி வரிசை மட்டும் 120.

ஆச்சி மறைந்த நாள் 2015 அக்டோபர் 10. அதையொட்டி வைத்ததால் பேராக்கின் சாயங்கால இடிமழையோடு போராட வேண்டியிருந்தது. தகரக் கூரையில் மழை அடித்தால் ஒலிபெருக்கி இருந்தும் பயனில்லை. பேச்சு நிகழ்ச்சிகளை மதியம் 2 மணிக்கு மாற்றச் சொன்ன கோயில் நிர்வாகத்தார் சொன்னதே சரி. இடிக்கு முன் பிளக்கைப் பிடுங்க ஓடிய இளைஞர்களுக்கும், தேத்தண்ணியும் வடையும் தட்டாமல் வந்துகொண்டே இருந்த சமையற்கட்டுக்கும் நன்றி.

இரவல் தந்தவர்கள் ரசீதை எடுத்துக்கொண்டு ஞாயிறு காலையில் மண்டபத்துக்கு வாருங்கள். பாட்டுப் புத்தகங்கள் அமிலமில்லாத் தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு திரும்பக் கிடைக்கும். பொட்டலம் நீலத்திலிருந்து வெளிர்ச்சிவப்பாக மாறினால் ஈரம் நிரம்பிவிட்டது என்று பொருள், புதியது போடுங்கள். ஸ்கேன் பிரதி ஒன்று உங்களுக்கு, ஒன்று தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு. பலகைகள் பள்ளி விடுமுறை முடியும்வரை மண்டபத்துப் பின்னறையில் இருக்கும். வேறு தோட்டத்தார் கேட்டால் லோரி வாடகை மட்டும் அவர்களுடையது.

கண்காட்சிக் குழு,
சுங்கை சிப்புட், பேராக்