தெற்கு ரத வீதிக் கட்டடம் குறித்து மகனுக்கு

அன்பு மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல். திருநெல்வேலி டவுன் தெற்கு ரத வீதிக் கட்டடத்தை வருகிற விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று நீ எழுதியதையும், அதன் படங்களை இணையத்தில் ‘விற்பனைக்கு அல்லது வாடகைக்கு’ என்று போட்டிருப்பதையும் உன் தங்கை எனக்குக் காட்டினாள். அப்பா பாத்திரக்கடை நடத்திய இடம் பூட்டிக் கிடப்பது உனக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் பணிக்காலத்தின் பெரும்பகுதியை வங்கியின் கடன் பிரிவில் கழித்து, ஒரு வியாபாரி என்ன கணக்குப் போட்டு ஓர் இடத்தைப் பிடிக்கிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த விளம்பரத்தை உடனே எடுத்துவிடு. முதலில் கீழ்த்தளத்தையும் முதல் மாடியையும் நல்ல சில்லறை வியாபாரம் ஒன்றுக்கு நீண்ட கால வாடகைக்கு விடுவோம். விற்பதைப் பற்றி அதன் பிறகு பேசுவோம்.

இரண்டையும் சேர்த்து விளம்பரம் செய்தால் இரண்டு தரப்பாருமே தயங்குவார்கள். வாடகைக்கு வருகிறவர் தரை, விளக்கு, அலமாரி, ஏசி, பெயர்ப்பலகை என்று கைக்காசைப் பல லட்சம் போடப் போகிறவர். அடுத்த ஆண்டே கட்டடம் கைமாறி, புது உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பயம் வந்துவிட்டால் அவர் நம் படியேறவே மாட்டார். வாங்க வருகிறவரோ, வாடகைக்கு ஆள் கிடைக்காததால்தான் விற்கிறார்கள் என்று எண்ணி விலையை அடிப்பார். கடைக் கட்டடம் வாங்குகிறவர்களிலும் இரண்டு வகை உண்டு. சொந்தக் கடை வைக்க வாங்குகிறவருக்கு இடம் காலியாக வேண்டும். வருமானத்துக்காக வாங்குகிறவருக்கு உள்ளே ஒழுங்காக வாடகை கட்டும் கடை வேண்டும். பதிவு செய்த குத்தகை புதிதாக வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தும் என்பது சட்டம். ஆகவே இந்த இரண்டாம் வகைக்காரர், கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன்பே வாடகை ஒப்பந்தத்தைத்தான் கேட்டு வாங்கிப் படிப்பார். நமக்கு உடனடிப் பணத்தேவை இல்லாததால், காத்திருந்து அப்படிப்பட்ட ஒருவருக்குக் கொடுப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

வாடகையைவிட வங்கி வட்டியே மேல் என்று நீ சொல்வாய். கணக்கு அப்படித்தான் வருகிறது. கீழ்த்தளத்துக்குச் சதுர அடிக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், 1,150 சதுர அடிக்கு மாதம் 57,500 ரூபாய், ஆண்டுக்கு 6,90,000 ரூபாய். நீ எதிர்பார்க்கும் 2 கோடிக்கு அது மூன்றரை சதவீதம்கூட இல்லை. ஆனால் பூட்டிய ஷட்டரைப் பார்த்து யாரும் அந்த 2 கோடியைத் தரப்போவதில்லை. மனை விலைக்குத்தான் கேட்பார்கள், அதிலும் பழைய கட்டடத்தை இடிக்கும் செலவைக் கழித்துக்கொள்வார்கள்.

டவுன் வியாபாரம் முழுவதும் நம்மூர் வண்ணாரப்பேட்டைக்குப் போய்விட்டது என்று நீ எழுதியிருப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1924-இல் டவுனில் தொடங்கிய ஆர்.எம்.கே.வி. கூட வண்ணாரப்பேட்டையில்தான் பெரிய கடையை எழுப்பியது, உண்மைதான். காரில் வந்து, நிறுத்த இடம் பார்த்து, குடும்பத்தோடு அரை நாள் செலவழித்து வாங்குகிற வியாபாரம் அங்கே போய்விட்டது. ஆனால் பேட்டை, சுத்தமல்லி, முக்கூடல் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களும், நெல்லையப்பர் கோயிலுக்கு வருகிறவர்களும், காய்கறி வாங்க வருகிறவர்களும் இன்றும் ரத வீதிகளில் நடந்துதான் போகிறார்கள். அவர்கள் கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருளை விற்கும் கடைதான் நம் இடத்தில் நிற்கும். ரெடிமேட் துணி, செருப்பு, கவரிங் நகை, வளையல், அழகுப் பொருள், பூஜைப் பொருள், மருந்து ஆகியவை பொருந்தும். பீரோ, கட்டில், குளிர்சாதனப் பெட்டி ஆகியவை பொருந்தா. வண்டி நிறுத்த முடியாத வீதியில் அவற்றை வைத்துக்கொண்டு அந்த வியாபாரி ஒரு வருடத்தில் நொடித்துப்போவார், நாமும் மறுபடி ஆள் தேட வேண்டியிருக்கும். ஓட்டல் நடத்த ஒருவர் கேட்டார். புகைபோக்கிக்கு வழியில்லை, கழிவுநீர்க் குழாயும் பழையது என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பக்கத்துக் கடை அண்ணாச்சி குடோனுக்குக் கேட்டார். கேட்ட வாடகையைத் தரவும் தயாராக இருந்தார், ஆனால் நான் சம்மதிக்கவில்லை. கடைவீதியில் ஒரு ஷட்டர் பகலெல்லாம் மூடியிருந்தால் நடந்து வருகிறவர்கள் அந்த இடத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அதற்கு அடுத்த நாலு கடைக்கும் வியாபாரம் குறைகிறது. அந்த வீதியில் வாழ்ந்த குடும்பம் நாம், அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வியாபாரத்தைப் பெருக்கவே அவருக்கு இடம் தேவைப்பட்டால் முதலில் அவரிடம்தான் பேசுவேன் என்று சொல்லியிருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரரைப் போல நம் இடத்தின் மதிப்பு தெரிந்தவர் வேறு யாரும் கிடையாது.

சென்ற மாதம் ஒரு துணிக்கடை நிறுவனத்திலிருந்து இடம் பார்க்க ஒரு பையன் வந்திருந்தான். அவன் பார்த்த முறையை உனக்குச் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் லேசர் அளவுக் கருவியைச் சுவரோடு ஒட்டிவைத்தான். எதிர்ச்சுவரில், அண்டா தொங்கவிடும் கொக்கிகளுக்குக் கீழே, சிவப்புப் புள்ளி விழுந்தது. பத்திரத்தில் உள்ள 1,400 சதுர அடியைப் பற்றி அவன் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. சுவரின் கனம், மாடிப்படி, கழிப்பறை ஆகியவற்றைக் கழித்து, 1,150 என்று தன் தாளில் எழுதிக்கொண்டான். நடுவில் நிற்கும் இரண்டு தூண்களுக்கும் இடையே எவ்வளவு, கூரை உயரம் எவ்வளவு, மும்முனை மின்சாரம் எத்தனை கிலோவாட்டுக்கு அனுமதி பெற்றிருக்கிறோம், முகப்பில் பெயர்ப்பலகை எத்தனை அடி வைக்கலாம், இரவில் சரக்கு லாரி எங்கே நிற்கும் என்று வரிசையாகக் கேட்டான். கடைசியில், 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் வந்ததா என்று கேட்டான். அந்த 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைமீறி ஜங்ஷன் பக்கம் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததை அவர்கள் மறக்கவில்லை. நம் கடையில் மழைத் தண்ணீர் முதல் படியோடு நின்றதையும், மூன்று படி உயரத்தில் தரை இருப்பதையும் காட்டினேன். சரக்கைத் தரையில் அடுக்கும் வியாபாரிக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு வேறில்லை, ஆனால் நீ போட்ட விளம்பரத்தில் இது இல்லை.

ஆகவே, அவன் கேட்ட கேள்விகளுக்கான பதிலையெல்லாம் ஒரே தாளில், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைப்போம். குறைகளையும் அதிலேயே எழுதுவோம். கார் நிறுத்த இடமில்லை என்பதையும், ஆனித் தேரோட்டத்தின்போது வீதியில் நீட்டிக்கொண்டிருக்கும் பந்தல், பலகை எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும் என்பதையும் நாமே சொல்லிவிட்டால், பிறகு அதைக் காரணம் காட்டி யாரும் வாடகையைக் குறைக்கக் கேட்க முடியாது. படங்களை மதியத்தில் எடுக்கக் கூடாது. உள்ளே வெள்ளையடித்து, எல்லா விளக்கையும் போட்டு, ஷட்டரை முழுக்கத் தூக்கி, மாலையில் வீதியில் ஆள் நடமாட்டம் தெரியும்படி எடுக்க வேண்டும். ஷட்டரில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளைச் சுரண்டி எடுக்க ஆள் சொல்லிவிட்டேன். தமிழ்த் தாளை நான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் நீ எழுதி, சென்னையில் தலைமை அலுவலகம் உள்ள சில்லறை விற்பனை நிறுவனங்களின் கிளை விரிவாக்கப் பிரிவுக்கு நேரடியாக அனுப்பு. எல்லாருக்கும் பொதுவாக விளம்பரம் செய்வதைவிட, நம் வீதிக்குப் பொருந்துகிற பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து எழுதுவதே பலன் தரும்.

தரகர் விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கப் போகிறேன். ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வோம், ஆறு மாதத் தவணை எழுதிக்கொள்வோம், பேச்சு முடிந்து ஒப்பந்தம் ஆனால் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுப்போம். ஐந்து தரகர் கையில் போனால் ஒரே கட்டடத்துக்கு ஐந்து வாடகை ஊருக்குள் உலவும். அதில் குறைந்ததைத்தான் வருகிறவர் பிடித்துக்கொள்வார்.

காலமும் முக்கியம். ஆடியில் யாரும் புதுக்கடை திறக்க மாட்டார்கள். ஆவணியில் திறந்து தீபாவளி வியாபாரத்தைப் பிடிக்கவே எல்லாரும் விரும்புவார்கள். உள்வேலைக்கு இரண்டு மாதம் தேவை என்பதால் வைகாசிக்குள் பேச்சு முடிய வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் ஒன்றுக்கு வாடகை வேண்டாம் என்று நாமே முன்வந்து சொன்னால், மாத வாடகையைக் குறைக்கச் சொல்லி வரும் பேரத்தை அது பாதி அடக்கிவிடும். மாத வாடகையை ஒருமுறை குறைத்தால் அந்த நஷ்டம் ஒப்பந்தம் முடியும்வரை தொடரும், ஒரு மாத விடுப்போ அதோடு முடிந்துபோகும்.

ஒப்பந்தத்தை ஒன்பது ஆண்டுக்கு எழுத நினைக்கிறேன். முதல் மூன்று ஆண்டு அவர் விட்டுப் போகக் கூடாது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீதம் வாடகை உயர வேண்டும். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடமும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். டவுனில் பத்து மாத முன்பணம் வாங்குவது பழக்கம் என்றாலும், அந்தச் சட்டம் வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாத நிலையில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அதனால் எவ்வளவு வாங்கினாலும் தெளிவாக எழுதியே வாங்குவோம். நாம் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவர்கள் என்பதால், 2024 அக்டோபர் 10 முதல் உள்ள விதிப்படி, பதிவு பெற்ற வாடகைதாரரே 18 சதவீத வரியை அரசுக்கு நேரடியாகக் கட்ட வேண்டும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரர்களுக்கு இது கிடையாது.

உன்னைப் பொறுத்தவரை ஒரு சிக்கல் இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு கட்டடம் நம் மூவருக்கும் சமபங்காக வந்திருப்பதால் வாடகையும் மூன்றாகப் பிரியும். நான், உன் தங்கை ஆகியோரின் பங்கு மாதம் 50,000 ரூபாய்க்குக் கீழ் இருப்பதால் அதில் வரிப் பிடித்தம் இராது. நீ சிங்கப்பூரில் வசிப்பதால் உன் பங்கில் மட்டும் வாடகைதாரர் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்துக் கட்ட வேண்டும். நீ இங்கே கணக்குத் தாக்கல் செய்து, கூடுதலாகப் பிடித்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இதைப் பேச்சின் தொடக்கத்திலேயே வாடகைதாரரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ஓராண்டு கழித்து அவருடைய ஆடிட்டர் சொல்லி, மனத்தாங்கல் வரும். விற்கும்போதும் இப்படித்தான். 50 லட்சம் ரூபாய்க்குக் குறையாத விற்பனையில் எங்கள் பங்குக்கு 1 சதவீதம் பிடித்தால் போதும், உன் பங்குக்கு மூலதன ஆதாய வரி விகிதத்திலேயே பிடிக்க வேண்டும். 2024 ஜூலை 23-க்கு முன் கைக்கு வந்த சொத்துக்கு, விலைவாசி உயர்வைக் கணக்கில் சேர்த்து 20 சதவீதமோ, சேர்க்காமல் 12.5 சதவீதமோ எது குறைவோ அதைக் கட்டும் சலுகையும் இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும்தான். நீ திரும்பி வருவதாக இருந்தால் விற்பனையை அதற்குப் பின் வைத்துக்கொள்வது உனக்கே லாபம்.

இப்போது உன்னிடம் நான் கேட்பது ஓர் அதிகாரப் பத்திரம். வாடகைக்கு விடவும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும், வாடகை வாங்கவும் மட்டும் எனக்கு அதிகாரம் கொடுத்து எழுது. விற்கும் அதிகாரம் அதில் வேண்டாம், அது உன் கையிலேயே இருக்கட்டும். அங்கே இந்திய ஹை கமிஷன் அலுவலகத்தில் சான்றொப்பம் வாங்கி மூலப் பிரதியைக் கூரியரில் அனுப்பு. இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பதால், அனுப்பும் தேதியை முன்கூட்டியே எனக்குத் தெரிவி. வில்லங்கச் சான்றும் மூவர் பெயரில் பட்டாவும் எடுத்துவிட்டேன். சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்கு மாநகராட்சியில் மனு கொடுத்திருக்கிறேன். துணிக்கடைக்காரர்கள் பங்குனி முடிவுக்குள் பதில் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள், அதற்கு முன் உன் பத்திரம் வந்துவிட்டால் முன்பணம் வாங்கிக் கையெழுத்திட எனக்குத் தடை இருக்காது.

அன்புடன்,
அம்மா